வாசிக்காமலே விடை எழுதுவது எப்படி?

கீழே ஒரு சின்னப் பத்தி. நிதானமாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

மொறுவன் ஒருவன் காலையில் சில்லகத்துக்குப் போனான். அங்கே மூன்று தீப்பலைகள் கிடந்தன. அவற்றில் பெரிய தீப்பலையை அவன் சுளுவினான். அது துமிறியதால் மற்ற இரண்டையும் அவன் சுளுவவில்லை.

இனி கேள்விகள். ஒன்று, மொறுவன் எங்கே போனான்? இரண்டு, அங்கே எத்தனை தீப்பலைகள் கிடந்தன? மூன்று, அவன் எந்தத் தீப்பலையைச் சுளுவினான்? நான்கு, மற்ற இரண்டையும் அவன் ஏன் சுளுவவில்லை? ஐந்து, பத்திக்குத் தகுந்த தலைப்பு தருக.

சில்லகத்துக்குப் போனான். மூன்று. பெரிய தீப்பலையை. அது துமிறியதால். தலைப்பு: மொறுவனும் தீப்பலையும். ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டீர்கள். சில்லகம் என்றால் என்ன, தீப்பலை தின்கிற பொருளா கட்டுகிற பொருளா, ஒன்று துமிறினால் மற்றதைச் சுளுவக் கூடாதா என்றெல்லாம் கேட்காதீர்கள். எழுதிய எனக்கே தெரியாது. வேற்றுமை உருபும் எண்ணும் பெயரடையும் காரணம் காட்டும் ‘ஆல்’ உருபும் தெரிந்திருந்தால் போதும், பத்தியின் பொருள் தேவையே இல்லை.

இந்த வித்தை என் கண்டுபிடிப்பு அல்ல. இதுபோல அர்த்தமில்லாத ஆங்கில வாக்கியங்களை வைத்து அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக விளையாடியிருக்கிறார்கள். நம் ஊரில்தான் இது விளையாட்டாக இல்லாமல் பாடவேளையாகிவிட்டது. அதற்கு ஒரு பெயரும் உண்டு: காம்ப்ரிஹென்ஷன். தமிழில் சொன்னால் ‘புரிந்துகொள்ளுதல்’.

*

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்தக் கட்டுரையில் யாரையாவது குறை சொல்வதாகத் தெரிந்தால், அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பில் காம்ப்ரிஹென்ஷனை நான் நடத்திய விதம் இது. “பத்திய மொதல்ல படிக்காத. கேள்வியப் படி. கேள்வியில இருக்கற பெரிய வார்த்தைக்கு அடியில கோடு போடு. அந்த வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடு. அந்த வரிய அப்படியே எழுது. வேர்னு வந்தா எடம். வென்னு வந்தா தேதி. ஒய்னு வந்தா பிகாஸுக்குப் பின்னாடி இருக்கறத எழுது. தலைப்பு கேட்டா முதல் வரியில வர்ற பேரைப் போடு.” இதைப் பலகையில் எழுதி, நோட்டில் எழுத வைத்து, வாரா வாரம் தேர்வு வைத்து, பிள்ளைகளைத் தேற்றி அனுப்பினேன். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த பெரும்பாலான ஆங்கில வாத்தியார்கள் இதைத்தான் செய்தார்கள். இதில் எனக்கு அப்போது வெட்கமும் இருந்ததில்லை. வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கு முப்பத்தைந்து மதிப்பெண் என்பது சாதாரண எண் அல்ல. ஐ.டி.ஐ. சேரவும் பாலிடெக்னிக் சேரவும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த முப்பத்தைந்துக்கு உறுதியான ஐந்து மதிப்பெண்ணை வாங்கித் தருகிற வித்தையைச் சொல்லித்தராமல் இருந்திருந்தால்தான் பாவம்.

நான்-டீடெய்ல் கதைகளுக்கும் இதே கதிதான். கதையைப் படிக்கிற பிள்ளையைவிட, நோட்ஸில் இருக்கும் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு மதிப்பெண் கூட வரும். அந்தக் கதைச்சுருக்கத்தில் ஒரு வரி விட்டுப்போனால் பிள்ளை அடுத்த வரிக்குப் போக முடியாமல் நின்றுவிடும். ஏனென்றால் அது கதை சொல்லவில்லை, ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

இது நம் ஊர் ஏழ்மையால் வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். அப்படியும் இல்லை. அமெரிக்காவில் டோலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்பு அறைகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்று நிமிஷக் கணக்கில் குறித்தார். 1970-களின் கடைசியில் வெளிவந்த ஆய்வு அது. புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் உண்மையில் சொல்லிக்கொடுத்த நேரம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மிச்ச நேரத்தில் நடந்ததில் பெரும்பகுதி, பிள்ளைக்குப் புரிந்ததா என்று சோதிப்பதும் வேலைத்தாள் கொடுப்பதும் திருத்துவதும். அதுவும் சொந்த மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு.

சோதிப்பது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைக்கலாம். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

*

என் முன்னாள் மாணவன் ஒருவன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேல். பிறகு பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். அவன் அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்திருந்தார்கள். வட்டி கட்டத் தவறியிருந்தது. நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: இன்ன தேதிக்குள் முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால், மறு அறிவிப்பு இல்லாமல் நகை பொது ஏலத்துக்கு அனுப்பப்படும்.

அவன் வந்தபோது சங்கிலி ஏலம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

“நோட்டீஸ படிச்சியா தம்பி?”

“படிச்சனுங்க சார். நாலு வாட்டி படிச்சன்.”

“அப்புறம் ஏன் கட்டல?”

“இன்னொரு நோட்டீஸ் வரும்னு போட்டிருக்குதுங்களே சார். அது வரட்டும்னு இருந்தன். போனஸ் வர்றதுக்கும் அதுக்கும் சரியா இருக்கும்னு கணக்குப் போட்டன்.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ‘வித்அவுட் ஃபர்தர் நோட்டீஸ்’ என்று இருந்தது. அவன் ‘ஃபர்தர் நோட்டீஸ்’ என்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். அதற்கு முன்னால் நிற்கிற ‘வித்அவுட்’ அவன் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் கருத்தில் விழவில்லை. தெரியாத வார்த்தை ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். இரண்டு வார்த்தையைக் காட்டினான். இரண்டுமே இந்த விஷயத்துக்குத் தேவைப்படாதவை. ‘வித்அவுட்’ தெரியுமா? தெரியும். ‘அன்லெஸ்’ தெரியுமா? சிரித்தான். “இஃப்-அ அன்லெஸ்ஸா மாத்தி எழுதச் சொல்வீங்களே சார். ரெண்டு மார்க்கு. அதுல நான் விட்டதே இல்லீங்களே.”

விட்டதே இல்லைதான். அந்த விடைத்தாள்களைத் திருத்தியவன் நான்.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்று சொன்னதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்னமும் உறுத்துகிறது. “டிகிரி படிச்சுப்போட்டு, இதப் போயி யாருகிட்டங்க சார் கேக்கறது?” அவன் அம்மா கைநாட்டு. அவருக்குக் கடிதம் வந்திருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார். சங்கிலி பிழைத்திருக்கும். நான் கொடுத்த எண்பது மதிப்பெண், படிக்கும் திறனைக் கொடுக்காமல், கேட்கும் திறனையும் பறித்துவிட்டது.

*

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி எழுதியவர்களை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். முதலில் மனதில் நின்றவர் மைக்கேல் வெஸ்ட். பிரிட்டிஷ் இந்தியாவின் கல்விப் பணியில் இருந்து, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளத்தை முன்வைத்து இருமொழி பற்றி அவர் எழுதிய நூல் 1926-இல் கல்கத்தாவில் வெளியானது.

அதில் அவர் ஒரு இன்ஷூரன்ஸ் சொல்லை எடுத்துக் கல்விக்குப் போடுகிறார்: சரண்டர் வேல்யூ. பாலிசியை முழுசாகக் கட்ட முடியாமல் பாதியில் நிறுத்தினால் கைக்கு என்ன வரும்? எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளைக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன கிடைக்கும் என்று வெஸ்ட் கேட்கிறார். பேச்சுப் பயிற்சியைப் பாதியில் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. இலக்கணத்தைப் பாதியில் விட்டால் அதுவும் வீண். ஆனால் வாசிக்கப் பழகிய பிள்ளை எந்த வகுப்பில் நின்றாலும், அந்த அளவுக்கு எளிய புத்தகங்களைப் படித்துக்கொள்ள முடியும். ஆகவே வாசிப்பை முதலில் சொல்லிக்கொடு என்பது அவர் கட்சி. கல்லூரி வரை போகப்போகும் சிலரை மனதில் வைத்தே எல்லாப் பாடத்தையும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பாதியில் நிற்கப்போகும் பலரை மனதில் வைத்து ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

வாய்ச்சொல்லோடும் அவர் நிற்கவில்லை. அப்போதைய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொற்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு சொல்லைப் பழகுவதற்குள் அடுத்தது வந்து தலையில் ஏறும். வெஸ்ட் தன் வாசிப்பு நூல்களில், அருஞ்சொற்களை எடுத்துவிட்டு அன்றாடச் சொற்களைப் போட்டார். புதிய சொற்களை இடைவெளி விட்டு நட்டார். நாற்றை நெருக்கி நட்டால் பயிர் தேறாது என்ற விவசாயி கணக்கு. 1953-இல் வெளிவந்த அவருடைய பொதுச்சொல் பட்டியல், ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்கள், இன்றும் பேசப்படுகிறது. அவருக்குப் பின்னால் வந்த ஆய்வுகளும் இந்தத் திசையில்தான் நிற்கின்றன. ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். எண்பது சொல் மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. நம் பாடநூலை எடுத்து, ஒரு கிராமத்துப் பிள்ளைக்குத் தெரியாத சொற்களுக்கு அடியில் கோடு போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு கோடு எந்தப் பக்கத்தில் நிற்கிறது?

ஆனாலும் வெஸ்டை அப்படியே ஏற்க எனக்கு முடியவில்லை. முதல் காரணம், காலனி ஆட்சியின் கண். வங்காளிக்கு ஆங்கிலத்தில் வேண்டியது வாசிப்புதான் என்று ஒரு ஆங்கில அதிகாரி முடிவு செய்கிறபோது, பேசுகிற இடத்தில் யார் இருக்கப்போகிறார்கள், படித்துவிட்டுச் சும்மா இருக்கிற இடத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. இரண்டாவது காரணம், என் மாணவன். அவனை வீழ்த்திய சொற்கள் அருஞ்சொற்கள் அல்ல. அன்லெஸ், வித்அவுட், நோட்டீஸ் எல்லாம் பட்டியல் போட்டால் முதலில் வருகிற சாதாரணச் சொற்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் தெரியும். சொல் தெரிந்திருந்தும் வாக்கியம் தெரியவில்லை என்ற நிலைக்கு வெஸ்டின் எண்ணிக்கையில் இடமில்லை.

*

இன்னொரு பக்கம், வாசகனின் முன்னறிவுதான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நம்மையே வைத்து நடந்த ஒரு ஆய்வு உண்டு. ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் 1979-இல் வெளியிட்டது. இந்தியக் கல்யாணம் பற்றி ஒரு கடிதம், அமெரிக்கக் கல்யாணம் பற்றி ஒரு கடிதம், இரண்டும் ஆங்கிலத்தில். இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டையும் படித்தார்கள். அவரவர் ஊர்க் கல்யாணத்தை வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அடுத்தவர் ஊர்க் கல்யாணத்தைத் தம் வழக்கத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் கல்யாண உடையை அணிந்திருந்தாள் என்று ஒரு செய்தி. அங்கே அது பரம்பரைப் பெருமை. படித்த இந்தியர் ஒருவருக்கோ, பாவம், பழைய துணியைப் போட்டுக்கொண்டு நின்றாள் என்று பட்டிருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. கல்யாணப் பெண்ணுக்குப் புதுப்பட்டு எடுக்கிற ஊரிலிருந்து வந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

இது பாடநூல் எழுதுகிறவர்கள் தினம் காலையில் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு. பனிச்சறுக்கு, நன்றி நவிலும் நாள் வான்கோழி, கோடை முகாம் என்றெல்லாம் பத்தி கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. தெரிந்த உலகத்தைத் தெரியாத மொழியில் கொடுக்கலாம். தெரியாத உலகத்தைத் தெரிந்த மொழியிலும் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தலையில் கட்டினால் பிள்ளை மனப்பாடத்துக்குத்தான் ஓடும்.

ஆனால் இந்த விளக்கமும் என் மாணவனிடம் வந்து நின்றுவிடுகிறது. அடகு என்பது அவனுக்குத் தெரியாத உலகமா? விதைப்புக்கு ஒரு அடகு, பள்ளிக்கூடம் திறந்தால் ஒரு அடகு, ஆஸ்பத்திரிக்கு ஒரு அடகு என்று வளர்ந்தவன். சொல்லும் தெரியும், உலகமும் தெரியும். பிறகு ஏன்?

நான் கண்ட விடை இரண்டு. ஒன்று, நான் பழக்கிய பழக்கம். அவன் கடிதத்தைப் படிக்கவில்லை, தேடினான். எவ்வளவு? தொகை கிடைத்தது. எப்போது? தேதி கிடைத்தது. அடுத்து என்ன? ‘ஃபர்தர் நோட்டீஸ்’ கிடைத்தது. மூன்று கேள்விக்கும் விடை எடுத்துவிட்டான். கண்ணுக்குப் பெரிய வார்த்தையைத் தேடு, சின்ன வார்த்தையைத் தாண்டு என்று சொல்லிக்கொடுத்தது யார்?

இரண்டு, நம் மொழியின் நடை. தமிழில் இல்லை என்பது வினையில் உட்கார்ந்திருக்கும். கட்டாவிட்டால், அனுப்பாமல், தெரிவிக்கமாட்டோம். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆகவே நம் காது கடைசி வரை காத்திருந்து, ஆமா இல்லையா என்று அங்கே தீர்ப்புக் கேட்டுப் பழகியது. ஆங்கிலத்தில் பல இடங்களில் இல்லை என்பது வினைக்கு வெளியே, ஒரு சின்னச் சொல்லில், வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அன்லெஸ், வித்அவுட், ஹார்ட்லி, ஃபியூ. அந்தக் கடிதத்தில் வினைகள் எல்லாம் பார்வைக்கு நேர்மறை: செலுத்தப்பட்டால், அனுப்பப்படும் என்கிற ஜாடையில் நிற்கின்றன. தமிழ்க் கண்ணோடு வினையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவனுக்கு எல்லாமே ‘ஆமாம்’ என்று கேட்கும்.

இதேபோல்தான் பெயரெச்சமும். ‘நேற்று வந்த பையன்’ என்பதில் வந்தது முன்னால், பையன் பின்னால். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், அவன் என்ன செய்தான் என்பது ‘ஹூ’ என்ற வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். வால் நீண்டால், உண்மையான வினை வருவதற்குள் நம் பிள்ளை பையனை மறந்துவிடும். இதெல்லாம் எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் பொதுவான சிக்கல் அல்ல. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழும் என்ற வரைபடம் இது. நான் படித்த பி.எட்.டில் இந்த வரைபடத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை. ‘அன்லெஸ்’ஸை இலக்கணப் பாடவேளையில் மாற்றி எழுதும் கணக்காகவும், காம்ப்ரிஹென்ஷன் பாடவேளையில் தாண்டிப் போக வேண்டிய சின்ன வார்த்தையாகவும் நடத்தினேன். இரண்டும் ஒரே சொல் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

*

கேள்வியே கேட்கக் கூடாது என்கிறேனா? இல்லை. எந்தக் கேள்வி என்பதுதான் விஷயம். இங்கே என்.எஸ். பிரபுவை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகளில் அவர் நடத்திய முயற்சியை உலகம் பெங்களூர் புராஜெக்ட் என்று அழைக்கிறது. 1987-இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது. இலக்கண வரிசையைப் பாடமாக வைக்காமல், ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசிக்க வைத்தார். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடுவார். பிறகு அதேபோல ஒன்றைப் பிள்ளை தனியாகப் போட வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்காவது பாதிக் கணக்காவது வந்தால் அது சரியான அளவு என்பது அவர் வைத்த அளவுகோல். கிராமத்து வாத்தியாருக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. இத்தனை மணிக்கு இந்த ஊரில் இருக்க வேண்டுமானால் எந்த ரயிலில் ஏற வேண்டும் என்ற கேள்விக்கு விடை அட்டவணையில் கிடக்காது. அட்டவணையை வைத்துப் பிள்ளைதான் விடையைச் செய்ய வேண்டும். மொறுவன் பத்திக்கு அப்படி ஒரு கேள்வி போடவே முடியாது. நாளைக்கும் அவன் சில்லகத்துக்குப் போவானா என்று கேட்டுப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். புரிந்தால் மட்டுமே விடை சொல்ல முடிகிற கேள்விதான் புரிதலைக் கேட்கிற கேள்வி. பிடிக்காததும் ஒன்று உண்டு. அட்டவணையிலும் வரைபடத்திலும் வாக்கியம் குறைவு. ‘அன்லெஸ்’ அங்கே ஒளிந்திருக்காது. வாழ்க்கையில் நம்மைக் கவிழ்க்கும் ஆங்கிலமோ நீண்ட வாக்கியத்தில்தான் வருகிறது. கடன் பத்திரம், மருந்துச் சீட்டு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம்.

ஆகவே நான் இரண்டையும் கலந்தேன். 1960-இல் வந்த இன்னொரு நூலில், இடமில்லாத பெஞ்சு, நிறைந்த வகுப்பு, தானே ஆங்கிலத்தில் தடுமாறும் ஆசிரியர் என்ற நிலைமையை வைத்தே வெஸ்ட் ஒரு பயிற்சியைச் சொல்கிறார். புத்தகத்தைப் பார்த்து ஒரு வரியைப் படி. தலையை நிமிர்த்து. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல். பார்த்துக்கொண்டே சொல்லக் கூடாது. இவ்வளவுதான். செலவு ஒன்றுமில்லை. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் அந்த வரி ஒரு கணம் தலைக்குள் தங்கியே ஆக வேண்டும். நான் அதில் ஒரு மாற்றம் செய்தேன். நிமிர்ந்து, பக்கத்துப் பையனிடம் தமிழில் சொல். கேட்கிறவன் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: “சரி, இப்ப நான் என்ன பண்ணோணும்?”

இந்தக் கேள்வி நோட்டீஸை வைத்தே வந்தது. பெயர்களை அழித்துவிட்டு அதை நகல் எடுத்து வகுப்பில் கொடுத்தேன். முதல் நாள் நாற்பது பேரில் பாதிக்கு மேல், இன்னொரு நோட்டீஸ் வரும் வரை காத்திருக்கலாம் என்றார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, “இல்லீங்க சார், ‘வித்அவுட்’ இருக்குது, சொல்லாம கொள்ளாம வித்துப்போடுவாங்க” என்றாள். வகுப்பில் சண்டையே நடந்தது. என் இருபது வருஷத்தில் ஒரு முன்னிடைச்சொல்லுக்காக நடந்த முதல் சண்டை.

வகுப்பில் தமிழ் பேச விடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்வையிட வந்த ஒரு அதிகாரியும் கேட்டார். ஆங்கிலப் பத்திக்கு ஆங்கிலத்திலேயே விடை என்றால் வரியைப் பெயர்த்து எழுதிவிடலாம், புரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தமிழில் சொல் என்றால் பெயர்க்க வரி இல்லை. புரிந்திருந்தால்தான் வாய் திறக்க முடியும். இதில் புதுமையும் கிடையாது. ஆசிரியரிடம் கேட்டதால் வருவது கால் பங்கு, உடன் படிப்பவரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்சப் பாதி என்று நன்னூல் பாயிரம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கடைசிப் பாதியைத்தான் நாங்கள் பாடவேளை போதவில்லை என்று விட்டுவிட்டோம்.

*

இதனால் தேர்வில் மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். கூடவில்லை. குறையவும் இல்லை. வினாத்தாள் மாறாதவரை, தேடி எடுத்து எழுதுகிற பிள்ளையும் படித்துப் புரிந்து எழுதுகிற பிள்ளையும் ஒரே மதிப்பெண்தான் வாங்குவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு நேரம் கொஞ்சம் கூட ஆகும், அது நஷ்டம். தலைமையாசிரியர் கேட்பது தேர்ச்சி விகிதத்தை. அவரை மேலே இருப்பவர்கள் கேட்பதும் அதைத்தான். இதில் யாரைத் தனியாகக் கோபித்துக்கொள்வது?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஜூன் முதல் டிசம்பர் வரை படிப்பது. ஜனவரியிலிருந்து வித்தை. வேர்னு வந்தா இடம், வென்னு வந்தா தேதி. ஆனால் ஜனவரியில் அதைத் தொடங்கும்போது பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்: “இது பரீட்சைக்கு மட்டுமப்பா. வீட்டுக்கு வர்ற கடுதாசிய இப்படிப் படிச்சராதீங்க.”

அந்தப் பையன் இப்போதும் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புகிறான். வங்கிக் கடிதம், மகனின் பள்ளிச் சுற்றறிக்கை, ஒருமுறை வாடகை ஒப்பந்தம். படத்துக்குக் கீழே தனக்குப் புரிந்ததைத் தமிழில் நாலு வரி எழுதி, ‘சரிங்களா சார்?’ என்று முடிப்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தப்பாக இருக்கிற இடங்களில் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு சின்ன வார்த்தை உட்கார்ந்திருக்கும்.